திகதிக்கும் திகதிக்கும் இடையே: ரொறன்ரோவில் நாட்கணக்கின் வரலாறு

ஒரே ஆளுக்கோ கடைக்கோ கருவிக்கோ உரிய பதிவுகளைத் திகதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையே எத்தனை நாள் சென்றது என்று கேட்பது தரவுத்தள வேலையில் தினமும் வரும் கேள்வி. நோயாளி போனமுறை வந்து எத்தனை நாளாகிறது, ஒரு பேருந்து எத்தனை வாரத்துக்கு ஒருதடவை பட்டறைக்குப் போகிறது, வாடிக்கையாளர் ஒருமுறை வாங்கிவிட்டு மறுமுறை வர எவ்வளவு காலம் எடுக்கிறார் என்பவை எல்லாம் இந்தக் கேள்விதான். கழித்தல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எதிலிருந்து எதைக் கழிப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் பாடு. எல்லோருக்கும் பொதுவான கடிகாரம் வேண்டும். திகதி எண்ணாக மாற வேண்டும். பதிவுகள் உரியவர் வாரியாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தியதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இவை கைகூட நூற்றைம்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த வருடங்களின் கதையில் ரொறன்ரோ நகரம் திரும்பத் திரும்ப வருகிறது.

தொடக்கம் ஒரு மரக் கட்டடம். பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை எப்படி மாறுகிறது என்று அறிய, பிரித்தானிய அரசு 1839இல் தன் குடியேற்ற நாடுகளில் அவதான நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. கனடாவுக்கு வந்தவர் பீரங்கிப் படையின் லெப்டினன்ட் சார்ல்ஸ் ரிடெல். முதலில் நினைத்திருந்த இடம் மொன்ட்ரியல். அங்குள்ள பாறைகளே காந்த ஊசியைக் குழப்பியதால் நிலையம் ரொறன்ரோவுக்கு வந்தது. இன்று பல்கலைக்கழக வளாகமாக இருக்கும் நிலத்தில், 1840இல், இரும்பைத் தவிர்த்து மரக்குற்றிகளால் அதைக் கட்டினார்கள். சென் ஹெலினா தீவிலும் நன்னம்பிக்கை முனையிலும் தஸ்மானியாவின் ஹோபாட்டிலும் இதே வேலை நடந்தது. கிழக்கிந்தியக் கம்பனி தன் பங்குக்கு மெட்ராஸிலும் சிம்லாவிலும் சிங்கப்பூரிலும் நிலையங்களை நிறுவியது. ரொறன்ரோவின் பனியில் ஒருவர் ஊசியின் அசைவைக் குறித்த அதே கணத்தில், மெட்ராஸின் வெக்கையில் இன்னொருவர் குறித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே திட்டம்.

அதே கணம் என்றால் எந்தக் கடிகாரத்தின் கணம்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் அதன் சூரியனே கடிகாரம். காந்த ஆய்வை வழிநடத்திய கார்ல் பிரீட்ரிக் காவுஸ் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரத்தில் இருந்தார். ஆகவே கூட்டு அவதான நாட்களில் எல்லா நிலையங்களும் கொட்டிங்கன் நேரத்தையே பின்பற்றின. உலகப் பொது நேரம் என்ற பேச்சு பொதுமக்களிடம் எழுவதற்கு நாற்பது வருடம் முன்னரே, அறிவியலாளர்கள் தங்கள் பதிவேட்டுக்குள் ஒரு பொதுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டார்கள்.

பதிவேடுகள் லண்டனுக்குப் போய், இந்த நிலையங்களை மேற்பார்த்த எட்வர்ட் சபைனின் மேசையில் குவிந்தன. ஒவ்வோர் அவதானத்தையும் அந்த மாதத்தில் அதே மணிக்குரிய சராசரியோடு அவர் ஒப்பிட்டார். குறித்த அளவுக்கு மேல் விலகியவற்றைக் குழப்பங்கள் என்று பிரித்தெடுத்தார். பின்னர் அவற்றை மணி வாரியாக, மாதம் வாரியாக, வருடம் வாரியாகக் குழு சேர்த்தார். இன்றைய தரவுத்தளத்தில் சில வரிகளில் முடியும் இந்த வேலையை எழுத்தர்கள் தாளிலும் மையிலும் வருடக்கணக்கில் செய்தார்கள். ரொறன்ரோவின் எண்களும் ஹோபாட்டின் எண்களும் ஒரே கதையைச் சொன்னன: 1843இல் குழப்பம் மிகக் குறைவு, 1848இல் மிக அதிகம். அதே காலத்தில் டெசாவ் நகரத்தின் ஹைன்றிக் சுவாப, சூரியனின் கரும்புள்ளிகள் ஏறக்குறையப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெருகித் தணிவதை வெளியிட்டிருந்தார். இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டின் பெருநூல் அந்தச் செய்தியைப் பரப்பியது. அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் சபைனின் மனைவி எலிசபெத். 1852இல் சபைன் இரண்டையும் பொருத்திக் காட்டினார். சூரியனில் நடப்பது பூமியின் காந்தத்தை அசைக்கிறது என்ற கண்டுபிடிப்புக்கு, ரொறன்ரோவின் மரக் கட்டடத்தில் மணிதோறும் விழித்திருந்து எழுதியவர்களின் பதிவேடு ஆதாரங்களில் ஒன்றானது.

அதே நிலையம் இன்னொரு பாடத்தையும் விட்டுச் சென்றது. 1892இல் ரொறன்ரோவின் தெருக்களில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. அதன் மின்னோட்டம் காந்த ஊசிகளைத் தொந்தரவு செய்ததால், கருவிகள் 1898இல் நகருக்கு வெளியே அஜின்கோர்ட் கிராமத்துக்குப் போயின. தமிழர் நெருங்கி வாழும் ஸ்காபரோவின் அஜின்கோர்ட்தான் அது. நிலையம் மாறினால் புலத்தின் அளவும் மாறும். ரொறன்ரோவின் கடைசிப் பதிவையும் அஜின்கோர்ட்டின் முதற் பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கழித்தால் வரும் தாவல் பூமியில் நடந்தது அல்ல. வேறு குழுவின் பதிவை முந்தியதாக எடுத்துவிடும் இந்தப் பிழை, குழு வாரியாகக் கழிக்கும் எவரும் முதலில் அஞ்ச வேண்டியது.

பொதுக் கடிகாரத்தை அவதான நிலையத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்ததில் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்கொட்லாந்தில் 1827இல் பிறந்து 1845இல் கனடாவுக்கு வந்த ரயில் பொறியியலாளர் அவர். 1876இல் அயர்லாந்தில், காலையையும் மாலையையும் மாற்றி அச்சிட்ட அட்டவணையை நம்பி ரயிலைத் தவறவிட்டதிலிருந்து நேரம் பற்றிய சிந்தனை அவரைப் பற்றிக்கொண்டது என்பார்கள். 1849இல் தாம் சேர்ந்து நிறுவிய கனேடியன் இன்ஸ்டிடியூட்டில், ரொறன்ரோவில், 1879 பெப்ரவரி 8 அன்று உலகம் முழுவதற்குமான நேரத் திட்டத்தை வாசித்தார். 1883 நவம்பர் 18 அன்று வட அமெரிக்க ரயில் கம்பனிகள் வலய நேரத்துக்கு மாறின. ரொறன்ரோவின் சூரிய நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் ஏறக்குறைய 17 நிமிட வித்தியாசம். 1884 ஒக்டோபரில் 25 நாடுகள் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சை முதல் தீர்க்கரேகையாக ஏற்றது. இன்று தரவுத்தளத்தில் நேரத்தை உலகப் பொது நேரமாகவே சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்று என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் விதி ஃபிளெமிங்கின் எண்ணத்தின் நேர் வாரிசு.

நாட்கணக்குக்கு அந்த விதி மட்டும் போதாது என்பதை ரொறன்ரோவே வருடத்துக்கு இரண்டு தடவை காட்டும். 2025 மார்ச் 9 அன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3 ஆனது. அன்றைய நள்ளிரவிலிருந்து மறுநாள் நள்ளிரவு வரை 23 மணித்தியாலம்தான். விநாடிகளைக் கழித்து 86,400ஆல் வகுத்துப் பின்னத்தைத் தள்ளிவிடும் நிரல், அந்த ஒரு நாளைச் சுழியம் நாள் என்று சொல்லும். நாளை எண்ண வேண்டிய இடத்தில் விநாடியை எண்ணக்கூடாது.

நாளை எண்ணுவது தமிழருக்குப் பழகிய வேலை. கலியுகத் தொடக்கமாகக் கொள்ளும் கி.மு. 3102 பெப்ரவரி 18இலிருந்து கழிந்த நாட்களை ஒரே எண்ணாகச் சொல்வது பஞ்சாங்கக் கணக்கின் அடிப்படை. இரண்டு சம்பவங்களின் கலி நாளும் தெரிந்தால் மாதமோ நெட்டாண்டோ குறுக்கே வராது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் முடிந்தது. மனப்பாட வாக்கியங்களையும் சோழிகளையும் கொண்டே கிரகணத்தைக் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி ஜோன் வாரன் 1825இல் மெட்ராஸில் அச்சான காலசங்கலித நூலில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் 1583இல் ஜோசப் ஸ்காலிஜர் வகுத்த காலச் சுழற்சியிலிருந்து வானியலாளர்களின் ஜூலியன் நாள் எண் பிறந்தது. கணினி பின்னாளில் எடுத்துக்கொண்டதும் இந்த முறைதான்: திகதி வெளியே நாள், மாதம், வருடமாகத் தெரியும், உள்ளே ஒற்றை எண்ணாக இருக்கும்.

ரொறன்ரோவுக்கு முழு அளவிலான கணினி 1952இல் வந்தது. மான்செஸ்டரிலிருந்து கப்பலில் வந்த ஃபெராண்டி இயந்திரத்தைப் பல்கலைக்கழகம் ஃபெரூட் என்று பெயரிட்டு இயக்கியது. நாட்கணக்கின் வரலாற்றுக்கு அதைவிட நெருக்கமானது, 1964இல் ஃபெராண்டி பக்கார்ட் நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய ஐ.பி. ஷார்ப் அசோசியேட்ஸ். ரொறன்ரோவில் இருந்த பெரிய கணினியை வேறு நகரங்களில் இருந்தவர்கள் தொலைபேசிக் கம்பி வழியே பகிர்ந்து பயன்படுத்தினார்கள். 1976இல் அதற்கெனச் சொந்த வலையமைப்பும் வந்தது. விமானப் போக்குவரத்து, நிதிச் சந்தை போன்ற துறைகளின் காலவரிசைத் தரவுகளைச் சேர்த்து வைத்து, கேட்பவருக்குக் கேட்ட வடிவில் கொடுத்தது அந்த நிறுவனத்தின் சிறப்பு.

அங்கே பேசிய நிரல்மொழி ஏபிஎல். அதைப் படைத்த கென்னத் ஐவர்சன் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1920இல் பிறந்தவர். 1979இல் டியூரிங் விருது பெற்று, 1980இல் ஐபிஎம்மை விட்டு ஷார்ப்பில் சேர்ந்தார். ஏபிஎல்லில் ஒரு வரிசை முழுவதும் ஒரே பொருள். இடைவெளியைக் காணும் முறையைப் பார்த்தால் அதன் அழகு விளங்கும். ஒரு கருவி 3, 10, 24, 31 ஆகிய நாட்களில் பழுதானது என்று கொள்வோம். முதல் எண்ணை உதிர்த்தால் 10, 24, 31. கடைசி எண்ணை உதிர்த்தால் 3, 10, 24. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் கழித்தால் 7, 14, 7. உதிர், உதிர், கழி என்ற மூன்று செயலும் ஒரு விரலளவு வரிக்குள் அடங்கும். முந்தியதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வரிசை ஓரடி நகர்ந்து நின்றால் முந்தியது தானாகப் பக்கத்தில் வந்துவிடும்.

ஷார்ப் நிறுவனத்தை 1987இல் ரொய்ட்டர்ஸ் வாங்கியது. ஐவர்சன் 1990இல் ரொஜர் ஹுயியுடன் சேர்ந்து ஜே என்ற மொழியை வெளியிட்டு, 2004 ஒக்டோபரில் ரொறன்ரோவில் இறக்கும்வரை அதிலேயே உழைத்தார். ஷார்ப்பில் வேலை செய்த ஆர்தர் விட்னி பின்னர் உருவாக்கிய கேடிபி தரவுத்தளம் பங்குச் சந்தை வணிகத்தில் நிலைகொண்டது. அதில் அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தைத் தருவதற்கென்றே ஒரு சொல் உண்டு.

பெரும்பாலான நிறுவனங்கள் போன வழி வேறு. 1970இல் ஐபிஎம்மின் எட்கர் கொட் தரவுத்தளங்களுக்கான உறவுசார் மாதிரியை வெளியிட்டார். அவரது மாதிரியில் அட்டவணை என்பது பதிவுகளின் கணம், அதாவது தொகுதி. கணத்துக்கு வரிசை கிடையாது. ஆகவே முந்திய பதிவு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இந்தக் கண்டிப்பால் கிடைத்த நன்மை மிகப் பெரியது: தரவு வட்டில் எந்த ஒழுங்கில் கிடக்கிறது என்ற கவலையிலிருந்து நிரல் எழுதுபவர் விடுபட்டார். நாள் இடைவெளியைக் கேட்டவர்தான் அதற்கு விலை கொடுத்தார். ஏபிஎல்லில் மூன்று அடியில் முடிந்தது, இந்த மாதிரியின்மேல் எழுந்த வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் பெரும் சுற்று வழியானது.

குழுவாகச் சேர்க்கும் குரூப் பை கட்டளை தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது ஒரு குழுவுக்கு ஒரே வரியைத்தான் தரும். அதிலும் ஒரு பதில் கிடைக்கும்: கடைசித் திகதியிலிருந்து முதல் திகதியைக் கழித்து, பதிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் சராசரி இடைவெளி வந்துவிடும். எல்லா இடைவெளிகளையும் கூட்டும்போது நடுவிலுள்ள திகதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போவதே காரணம். மேலே சொன்ன கருவிக்கு 31இலிருந்து 3ஐக் கழித்தால் 28. மூன்றால் வகுத்தால் 9 சொச்சம். ஆனால் மிக நீண்ட இடைவெளி எது, அது எப்போது வந்தது என்று கேட்டால் குரூப் பை வாய் திறக்காது.

அதற்கு அட்டவணையை அதனோடேயே இணைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும், அதே குழுவில் அதைவிடச் சிறிய திகதிகளையெல்லாம் திரட்டி, அவற்றுள் பெரியதை எடு என்று ஒரு வினவலுக்குள் இன்னொரு வினவலை எழுதினார்கள். விடை சரியாக வரும். வேலைதான் மலைக்க வைக்கும். நல்ல சுட்டெண் இல்லாவிட்டால், ஒரு குழுவில் 1,000 பதிவு இருந்தால் 4,99,500 சோடிகளைப் பார்க்க வேண்டிவரும்.

எஸ்க்யூஎல்லின் கதையிலும் ரொறன்ரோ வருகிறது. ஐபிஎம்மின் ரொறன்ரோ ஆய்வுகூடம் 1967இல் தொடங்கியது. யுனிக்ஸ், விண்டோஸ் போன்ற கணினிகளுக்கான டிபி2 தரவுத்தளம் 1990களில் அங்கே வளர்ந்தது. 2001இல் ஆய்வுகூடம் மார்க்கத்தின் வோர்டன் சாலையில் புதிய இடத்துக்குப் போனது. டிபி2வில் திகதிக் கழித்தலுக்கு ஒரு விசேஷம் உண்டு. 2000 மார்ச் 15இலிருந்து 1999 டிசம்பர் 31ஐக் கழித்தால் அது தரும் விடை 215. இருநூற்றுப் பதினைந்து நாள் என்று அதை வாசித்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். 2 மாதம் 15 நாள் என்பதன் சுருக்க எழுத்து அது. உண்மையான நாட்கணக்கு 31, 29, 15 சேர்ந்து 75. நாள் எண்ணிக்கை வேண்டுமானால் இரண்டு திகதியையும் டேய்ஸ் என்ற செயற்கூறால் எண்ணாக்கிவிட்டுக் கழிக்க வேண்டும். கி.பி. 1ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியை 1 என வைத்து அது எண்ணுகிறது. கலி நாளின் உத்திதான். தொடக்கப் புள்ளி மட்டும் வேறு.

அட்டவணையை அதனோடேயே இணைக்கும் சுற்றிலிருந்து மீளும் வழி 1999ஐ ஒட்டித் திறந்தது. ஐபிஎம்மும் ஒராக்கிளும் முன்வைத்த விண்டோ ஃபங்ஷன்கள் முதலில் எஸ்க்யூஎல் தரத்தின் திருத்தமாக வந்து, 2003ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்தன. பார்ட்டிஷன் பை குழுவைப் பிரிக்கும். ஆர்டர் பை குழுவுக்குள் வரிசை கொடுக்கும். பதிவுகள் குரூப் பையில்போல் ஒன்றாகக் கரையாமல் தனித்தனியே நிற்கும். அட்டவணைக்கு வரிசை இல்லை என்ற கொட்டின் விதியும் உடையவில்லை, ஏனென்றால் வரிசையைக் கேள்வி கேட்பவரே கொண்டுவருகிறார். லேக் என்ற செயற்கூறு முந்திய பதிவின் மதிப்பை எடுத்துத் தரும். லீட் அடுத்ததைத் தரும். ஒராக்கிளில் முன்னரே இருந்த இவ்விரண்டும் 2011இல் தரத்துக்குள் வந்தன. பிற தரவுத்தளங்களில் போஸ்ட்கிரெஸ் 2009இலும், எஸ்க்யூஎல் சேர்வர் 2012இலும், மைஎஸ்க்யூஎல் 2018இலும் அவற்றைப் பெற்றன. ஐவர்சனின் ஓரடி நகர்வு இப்படிச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

பழைய முறையில் எழுதிய வினவல்கள் ஒரே நாளில் மறையவில்லை. 2003இல் ரொறன்ரோ ஆய்வுகூடத்தின் கலிஸ்டோ சுசார்ட்டேயும் சகாக்களும் விண்மேஜிக் என்ற ஆய்வுக்கட்டுரையைத் தரவுத்தள ஆய்வாளர்கள் கூடும் சிக்மொட் மாநாட்டில் வெளியிட்டார்கள். வினவலுக்குள் வினவலாக வைத்துக் குழுவின் கூட்டையோ சராசரியையோ கேட்கும் சில வடிவங்களைத் தரவுத்தளமே அடையாளம் கண்டு, விண்டோ கணக்காக மாற்றி எழுதி, அட்டவணையை மறுபடி படிக்கும் வேலையைத் தவிர்ப்பது அதன் வழி. எழுதியவர் பழைய பாணியிலேயே இருந்தாலும் இயந்திரம் புதிய பாதையில் போகலாம் என்றானது.

இவையெல்லாம் ஒரு நகரவாசியின் கண்ணுக்கு எட்டும் இடம் சாப்பாட்டுக் கடையின் வாசல். ரொறன்ரோ ஸ்டார் நாளிதழ் 2000இல் உணவகச் சுத்தம் பற்றித் தொடராக எழுதிய பின், 2001 ஜனவரியில் நகரம், பரிசோதனையின் முடிவைக் கடை வாசலில் ஒட்டும் டைன்சேஃப் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்காபரோவில் கொத்து ரொட்டிக்கும் ரோல்ஸுக்கும் வரிசையில் நிற்பவர்கள் அதன் பச்சை அறிவித்தலைக் கண்டிருப்பார்கள். பச்சை என்றால் தேறியது. மஞ்சள் என்றால் நிபந்தனையோடு தேறியது. சிவப்பு என்றால் மூடியது. ஆபத்து வகையைப் பொறுத்து ஒரு கடைக்கு வருடத்தில் குறைந்தது ஒன்று முதல் மூன்று பரிசோதனை. 2009இல் தொடங்கிய திறந்த தரவுத் தளத்தில் நகரம் இந்தப் பதிவுகளையும் வெளியிடுகிறது.

ஒரு கடையின் பரிசோதனைகளுக்கு இடையே சராசரியாக எத்தனை நாள் என்று கேட்டால் கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த அட்டவணையில் ஒரு பரிசோதனைக்கு ஒரு வரி என்ற கணக்கு இல்லை. கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் தனி வரி. கற்பனைக் கடை ஒன்றை எடுப்போம். ஜனவரி 12 அன்று பரிசோதகர் இரண்டு குறை கண்டு மஞ்சள் அறிவித்தல் ஒட்டுகிறார். 14ஆம் திகதி மீண்டும் வந்து, திருத்தியாயிற்றா என்று பார்க்கிறார். வழமையான அடுத்த பரிசோதனை மே 20. அட்டவணையில் நான்கு வரி. அப்படியே லேக் போட்டால் இடைவெளிகள் 0, 2, 126. சராசரி 43 நாளுக்குச் சற்றுக் குறைவு. பரிசோதனை எண்ணைக் கொண்டு இரட்டித்த வரியை நீக்கினால் 2, 126; சராசரி 64. மீள்பரிசோதனையை வழமையானதிலிருந்து பிரித்தால் ஒரே இடைவெளி, 128 நாள். மூன்று வினவலும் பிழையின்றி ஓடும். கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் வேண்டிய விடை கடைசி ஒன்றுதான். கடையின் பெயரை வைத்துக் குழு பிரித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: ஒரே பெயரில் இரண்டு கிளை இருந்தால் ஒன்றின் திகதி மற்றதன் முந்திய திகதியாகப் புகுந்துவிடும். ரொறன்ரோவையும் அஜின்கோர்ட்டையும் கோத்த பிழையே அது. கடைக்குரிய அடையாள எண்ணால் பிரிக்க வேண்டும்.

இரண்டு ஓரங்கள் மிச்சம். குழுவின் முதற் பதிவுக்கு முந்தியது இல்லை. அங்கே லேக் நல் என்ற வெறுமையைத் தரும். அதைச் சுழியமாக்கினால் சராசரி குறைந்துவிடும் என்பதால் வெறுமையாகவே விட வேண்டும். கடைசிப் பதிவுக்கு அடுத்தது இன்னும் வரவில்லை. அங்கே லீட் வெறுமையைத் தரும். அந்த இடத்தில் இன்றைய திகதியை வைத்துக் கழித்தால், கடைசிப் பரிசோதனை நடந்து எத்தனை நாளாகிறது என்ற கணக்கு கிடைக்கும். இடைவெளி இன்னும் முடியாததால், இந்த எண்ணை முடிந்த இடைவெளிகளோடு சேர்க்காமல் தனிப் பத்தியில் எழுதுவார்கள்.